வால்வு சூடாகும் வரை

"காப்பைக் கழட்டு" என்றார் ஆறுமுகநாதன்.

பாலேஸ்வரி கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பட்டப்பகலில், மாத்தளை நகரத்துக் கடை ஒன்றில் நின்று மனைவியின் காப்பைக் கேட்கிற அந்த மனிதர் அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதர். குடியில்லை, சூதில்லை. அவர் மனசு கடை மேசையில் இருந்த ஒரு பழைய கிட்டார் அம்ப்ளிபயரில் சிக்கிக்கொண்டிருந்தது.

மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று புத்தம் புதியது, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். மற்றது முப்பது வருடப் பழசு. உள்ளே பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகள், வெளியே கரப்பான் அரித்த துணி, தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஆனால் விலை பழசுக்குத்தான் இரண்டு மடங்கு. இசைக்குழுவில் சேர்த்த பணம் புதியதற்குச் சரியாக இருந்தது. பழசை வாங்குவதென்றால் காப்புச் சோடி போக வேண்டியதுதான்.

"புதுசு பேட்டரியிலயும் வேலை செய்யும் சேர்" என்றார் கடைக்காரர் ஸக்கரியா. "லக்கலப் பக்கம் எந்தக் காட்டுக்குள்ள கச்சேரி வெச்சாலும் கவலையில்ல."

"பேட்டரியில வேலை செய்யிறதுக்குப் பேரு டோர்ச்" என்றார் ஆறுமுகநாதன்.

அன்று கூட வந்திருந்த கிட்டார்க்காரன் இராஜசிங்கத்தோடு சேர்த்து அவருடைய இசைக்குழுவில் ஒன்பது பேர். அதில் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர் தலைவர் ஒருவர்தான். அதனால் மற்ற எட்டுப் பேரிலும் குறை கண்டுபிடிக்க அவருக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. யாரோ கொடுத்த வெளிநாட்டுச் சஞ்சிகையில் வால்வுப் பெட்டிகளின் மகிமையைப் படித்த நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவசரப்படாதீங்க சேர். நான் லுஹர் தொழுதிட்டு ஓடி வந்திடுறேன். ரெண்டு மணிக்கு ரெண்டையும் நானே போட்டுக் காட்டுறேன்." ஸக்கரியா தொப்பியை எடுத்துக்கொண்டார். தெரிந்த மனிதர்கள்தானே என்று கடையை அவர்களிடமே விட்டுப் போனார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை அடியோடு ஏமாற்றிவிட்ட வருடம். ஆறுமுகநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி மேலே பார்த்தார். மின்விசிறி சும்மா தொங்கியது.

"வாற ஆளுக்குக் கொஞ்சம் காத்துப் போட்டுவிடக்கூட மனசில்ல. இவருக்காக ரெண்டு மணி வரைக்கும் காத்துக் கிடக்கணுமாம்."

பாலேஸ்வரியும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த காப்பைப் பார்த்தாள். அவளுடைய அம்மா போட்டுவிட்டது. மகள் பெரியபிள்ளையாகும் நாளில் அவளுக்குப் போடவேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தாள்.

"ஒண்ணு செய்வோங்க" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. ராஜசிங்கம் தம்பி ரெண்டையும் வாசிக்கட்டும். எது பழசுன்னு நீங்க சரியாச் சொல்லிட்டா நானே கழட்டித் தாறேன். இல்லாட்டி புதுசை வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

ஆறுமுகநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நின்ற விதம் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தாலும் முகத்தில் நீதவானின் களை இருந்தது.

இராஜசிங்கம் ஒரு மெட்டை வாசித்தான்.

"தகரம்" என்றார் ஆறுமுகநாதன். "உசிரே இல்ல. இது புதுசு. அடுத்ததை வாசி."

வயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. சுவிட்ச் ஒன்று தட்டுப்பட்டது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் சுவிட்ச்.

"அண்ணி..." என்று இழுத்தான் இராஜசிங்கம்.

"நீங்க வாசிங்க தம்பி" என்றாள் பாலேஸ்வரி.

ஆறுமுகநாதன் திரும்பாமலே விரலை உயர்த்தினார். "அவனை விரட்டாத. வால்வுன்னா சூடாகணும். அதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். நல்ல சாமானுக்கு அதுதான் அடையாளம்."

மீண்டும் வயர் உரசுகிற சத்தம். பிறகு அதே மெட்டு எழுந்தது.

ஆறுமுகநாதன் கண்களை மூடிக்கொண்டார். தலை தானாக ஆடியது. மெட்டு முடிந்தபோது அவர் கண்ணோரம் ஈரமாகியிருந்தது. அந்த ஈரத்தில் பொய் இல்லை. வாழ்நாளில் அவர் இத்தனை ஆனந்தமாக எதையும் கேட்டதில்லை.

"கேட்டியா பாலேஸ்?" குரல் தழுதழுத்தது. "அந்தக் கனம், அந்தக் கதகதப்பு. முதல்ல வாசிச்சதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதுக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும்."

"ரெண்டாவதா வாசிச்சதுதான் பழசுன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"என் காது என்னை ஏமாத்தாது. கழட்டு."

இராஜசிங்கம் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பாலேஸ்வரி மெல்ல, மிக மெல்ல, ஒரு காப்பை விரல் முட்டி வரைக்கும் தள்ளினாள்.

அப்போது மேலே கிரீச்சென்று ஒரு சத்தம். மின்விசிறி சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு வேகம் பிடித்தது. கலண்டர் தாள்கள் படபடத்தன.

"இப்பவாவது காத்துப் போட மனசு வந்திச்சே" என்று ஆறுமுகநாதன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி அண்ணாந்து நின்றார். பாலேஸ்வரி காப்பைப் பழையபடி மணிக்கட்டுக்கு ஏற்றிக்கொண்டாள்.

வாசலில் தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி ஸக்கரியா உள்ளே வந்தார்.

"விடியலேந்து இல்லாத கரண்ட் இப்பதான் சேர் வந்திருக்கு, வாங்க, இனிப் பழசைப் போட்டுக் கேப்போம்."