இரண்டெழுத்து விமர்சனம்

“கோகுல்ராஜ் – சன்னலோரம், நாற்காலி. சௌந்திரம் – சுவரோரம், பெஞ்சு. உஷாராணி – பாப்கார்ன் மிஷினுக்குப் பக்கத்துல, ஸ்டூல். நான் – மேசை. சரிதானுங்களா?”

“யாரு எங்க உக்காந்தா என்னங்கண்ணா? படத்தைப் பேசுவோம்” என்றார் கோகுல்ராஜ்.

“எதுக்கும் ஒரு முறைன்னு இருக்குதுங்க” என்று நோட்டில் அடிக்கோடு போட்டார் மாரியப்பன். ராசிபுரத்தில் அந்தத் தியேட்டருக்கு அவர் இருபத்தேழு வருட மேனேஜர்.

பொங்கலுக்கு என்ன படம் என்பதைச் சேலத்தில் இருக்கும் முதலாளி ரஹமத்துல்லா முடிவு செய்ய வேண்டும். அவருக்குக் காது மந்தம். போனில் பேச மாட்டார். செல்போன் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. எதுவானாலும் தாளில் எழுதி அனுப்ப வேண்டும்.

தீபாவளிக்கு மாரியப்பன் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். ‘இந்தப் படம் நமக்கு வேண்டாம்’ என்பது ஏழாம் பக்கத்தில் இருந்தது. முதலாளி ஆறாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். படம் வந்தது, கூட்டம் வரவில்லை.

அதனால் இந்த முறை கண்டிப்பான உத்தரவு: ‘படத்துக்கு ஒரு வரி. அதற்கு மேலே ஒரு எழுத்து இருந்தாலும் படிக்க மாட்டேன். இரண்டு படமும் தேறாது என்றால், வெள்ளிக்கிழமை, இடத்தைக் கேட்கும் ஜவுளிக்கடைக்காரரிடம் தியேட்டர் சாவியைக் கொடுத்துவிடுவேன்.’

ஜவுளிக்கடையில் தியேட்டர் மேனேஜருக்கு என்ன வேலை இருக்கப் போகிறது? மாரியப்பன் ஊர் ரசனை தெரிந்த மூன்று பேரைச் சேலத்துக்கு அனுப்பி, முந்தின நாள் அங்கே ஓடும் அந்த இரண்டு படங்களையும் பார்த்துவரச் செய்திருந்தார்.

“மொதல்ல ‘மயூரகிரி – பாகம் பூஜ்யம்’. சொல்லுங்க.”

“அதென்னங்க பூஜ்யம்?” என்றார் கேன்டீன் நடத்தும் உஷாராணி. “படம் பார்த்தும் புரியலை.”

“ஒண்ணாம் பாகத்துக்கு முந்தின கதை. ராஜாவோட அப்பன் கதை” என்றார் மாரியப்பன்.

“ஒண்ணாம் பாகத்துலதான் அப்பன் செலையா நின்னாரே” என்றார் கோகுல்ராஜ். “அந்தாளு சாவாருன்னு டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். அதுக்கு மூணு மணி நேரமா?”

பட்டுத்தறி நெய்யும் சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. “ஏஞ்சாமி, இடைவேளைக்கு அப்புறம் நீ தூங்கிட்டயா? யானை, பறக்கற குதிரை, ரெண்டு லட்சம் சிப்பாயிங்க. படம் முடியற வரைக்கும் விடாத சண்டை. நான் கண்ணைச் சிமிட்டலை.”

“ரெண்டு லட்சம் பேருக்கும் ஒரே மொகம்க்கா. அத்தனையும் விசைத்தறிச் சரக்கு.”

சௌந்திரம் வாயைத் திறப்பதற்குள் மாரியப்பன் குறுக்கிட்டார். “அடுத்து, ‘துருக்கோள்’.”

“அதாங்க படம்.” கோகுல்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். திருச்செங்கோட்டில் அவருக்குச் சொந்தமாக, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓடுகிறது. “தண்ணியில்லாத கிரகம். குளிக்காத ஹீரோ. ஒரு ஓட்டை ரிக் வண்டி. பாட்டு கெடையாது, காதல் கெடையாது. மொத சீன்ல தரையைத் தொளைக்க ஆரம்பிச்சவன் கடைசி சீன்லதான் நிறுத்தறான்.”

“எல்லாருக்கும் மூஞ்சி பூரா அழுக்கு” என்றார் சௌந்திரம். “புழுதி பார்க்கச் சேலம் வரைக்கும் போகணுமா தம்பி? எங்க தெருவுலயே கெடக்குது.”

“அதுதான்க்கா நெசம். ஒரே ஒரு குறைதான். முன்னூறு அடியில தண்ணி வருதுன்னு காட்டறாங்க. எங்கூர்ல ஆயிரத்து நானூறு அடி போனாலும் புழுதிதான் வருது. அந்த எடத்துலதான் இது கற்பனைக் கதைன்னே எனக்கு ஞாபகம் வந்துச்சு.”

சௌந்திரமே சிரித்துவிட்டார்.

“நீங்க சொல்லுங்க உஷாராணி.”

“துருக்கோள் பார்த்தா நாக்கு வறண்டுபோவுதுங்க; தண்ணி பாட்டில் நல்லா ஓடும். மயூரகிரியில சண்டை சத்தத்துக்கு முறுக்கு கடிச்சாலும் பக்கத்து சீட்டுக்குக் கேக்காது. எனக்கு ரெண்டும் வேணும்.”

கோகுல்ராஜும் சௌந்திரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்கண்ணா” என்றார் கோகுல்ராஜ். “காலையில அக்கா படம், சாயங்காலம் என் படம். ஜவுளிக்கடை வேற எடம் பார்க்கட்டும்.”

மாரியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

முதல் வரியில் ‘சண்டை’ என்று எழுதி அடித்தார். ராஜா காலத்துச் சங்கதிக்குக் குழாயடிச் சொல் ஆகாது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லித் தந்த இரண்டெழுத்துச் சொல்லைப் போட்டார். இரண்டாம் வரிக்கு வந்தார். ரிக் வைத்துத் துளைப்பதற்கு ஊரில் எல்லோரும் சொல்வதும் அதே இரண்டெழுத்துதான். தமிழின் சிக்கனத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

“எடுங்கன்னு எழுதலையா?” என்றார் உஷாராணி.

“அது முதலாளி உரிமைங்க. படத்துல இருக்கறதை உள்ளபடி சொல்றதுதான் என் வேலை.”

“அவருக்குப் புரியுமுங்களா?”

“கொழந்தைக்கும் புரியும்.”

உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் இரண்டு முறை நீவி, வாசலில் நின்ற சேலம் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தார். “பத்திரம் சாமி. இருபத்தேழு வருசம் இதுக்குள்ள இருக்குது.”

விசில் கேட்டது, பஸ் கிளம்பியது. உறைக்குள் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டே வரிகள் இருந்தன:

‘மயூரகிரி: இடைவேளைக்குப் பிறகு ஒரே போர்.
துருக்கோள்: முதலிலிருந்து கடைசி வரை போர்.’