ஆறாவது வாழ்த்துமடல்

"பேரன்புமிக்க சபையோரே! தமிழ்கூறும் நல்லுலகம் பதினொரு வருடங்களாக ஏங்கிக் காத்திருந்த அந்த வரலாற்றுப் பொழுது, இதோ, இந்த மண்டபத்துக்குள் நுழைகிறது!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார் அறிவிப்பாளர் றிஸ்மி.

உண்மையில் அப்போது நுழைந்தது ஒரேயொரு மனிதர்தான். கட்டம்போட்ட சாறன், தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் பத்திரிகைத் தாளால் சுற்றிய நீளமான பொதி. வந்தவர் நேரே போய் முன்வரிசையில் அமர்ந்தார்.

மேடையிலிருந்த நூலாசிரியர் கலாநிதி அபூசாலியின் கண் அந்தப் பொதியில் விழுந்தது. ஏற்கெனவே ஐந்து வாழ்த்துமடல்கள் கண்ணாடிச் சட்டத்தில் வந்துவிட்டன. இது ஆறாவது. சட்டம் கொஞ்சம் ஒடுக்கமாகத் தெரிந்தது. பரவாயில்லை, அன்புக்கு அகலம் எதற்கு?

நூலின் பெயர் 'சுனாமியும் எமது கரையோரமும்: ஒரு முழுமையான மரணப் பதிவேடு'. எழுநூற்றிருபது பக்கம். யார் இறந்தார், எந்த வீடு, மையத்து, அதாவது உடல், எங்கே கிடைத்தது, எந்த மையவாடியில் அடக்கம் என்று ஆளுக்கொரு வரி. இதைக் கையேற்க நல்லுலகத்தின் சார்பில் முப்பத்தொரு பேர் கல்முனைக்கு வந்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் மேடையில் இருந்தார்கள்.

நூல் விமர்சனத்துக்கு பர்ஸான் மாஸ்டர் எழுந்தார். "இதற்கு முன் எழுதியவர்கள் 'தகவல் இல்லை', 'தெரியாது' என்று கோடு கீறிவிட்டுப் போனார்கள். எங்கள் கலாநிதி அப்படியா? இத்தனை அட்டவணைகளில் ஒரு கட்டமாவது வெறுமையாகக் கிடக்கிறதா? துருவித் துருவித் தேடினேன், இல்லவே இல்லை!"

அவர் துருவியது வரும் வழியில், முச்சக்கர வண்டிக்குள். ஆனாலும் சொன்னது சரிதான். சபை கைதட்டியது.

அடுத்தது ஏற்புரை. அபூசாலி தொண்டையைச் செருமினார். "ஆய்வெண்டிறது கெம்பஸ் அலுமாரிக்குள்ள பூட்டி வெக்கிற சாமானில்ல. கடலுக்குப் போறவனும் வயலுக்குப் போறவனும் இதப் புரட்டிப் பாக்கணும். ஒருத்தன் பாத்தாலும் போதும், என்ட பதினொரு வருஷமும் பலிச்ச மாதிரி."

"நான் பாத்தன் சேர்."

முன்வரிசைக்காரர் எழுந்து நின்றார். மேடை திகைத்துப் போனது. வெளியீட்டு விழாவொன்றில், புத்தகத்தைப் படித்த ஒருவர் தானாக எழுந்து அதை ஒப்புக்கொள்வது அந்தப் பக்கத்தில் நடந்த காரியமில்லை.

"வாங்க தம்பி, மேல வாங்க! அவருக்கு மைக்கக் குடுங்க!" அபூசாலி கதிரையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ட பேர் மீராசா. சாய்ந்தமருது, கடல் தொழில். நீங்க பள்ளிவாசலுக்கு அனுப்பின புத்தகத்த பள்ளித் தலைவர் நேத்துக் காட்டினார். முன்னூத்திப் பதினெட்டாம் பக்கத்தில இரிக்கி. மீராசா ஸம்றா, ஆறு வயசு. என்ட மகள்."

அபூசாலி தலையைத் தாழ்த்தினார். படப்பிடிப்பாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துத் தாழ்த்தினார்.

"இருவது வருஷமா மையவாடி மையவாடியா அலைஞ்சன் சேர். மகள்ட கபுறு எங்க எண்டு சொல்ல ஒருத்தருமில்ல. என்ட மனிசி நஸீறா, கடல் வந்த அண்டையிலிருந்து வாசல் கதவுக்குக் கொண்டி போடமாட்டா. புள்ள வந்து தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமாம். நேத்து உங்கட புத்தகத்த வாசிச்சிக் காட்டினன். மையத்துக் கிடைச்சது, நிந்தவூர் மையவாடியில அடக்கம் எண்டு போட்டிரிக்கிறீங்க. நேத்துத்தான் நஸீறா கதவப் பூட்டிட்டுப் படுத்தா."

அவர் பொதியைப் பிரித்தார். கண்ணாடியுமில்லை, சட்டமுமில்லை. புதிதாகச் சீவிய இரண்டு பலகைகள். ஒன்றில் பச்சை மையால் 'ஸம்றா'. கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கட்டைகள்.

"காலையில ரெண்டு பேரும் பஸ்ஸேறிப் போனம். எந்தக் கபுறு எண்டு மோதினாருக்குத் தெரியா. எழுதின சேருக்குத் தெரியாம இரிக்குமா, போய்க் கேட்டுட்டு வாங்க எண்டார். மனிசி அங்க மையவாடிக் கேற்றடியிலதான் நிக்கிறா. எத்தினையாம் வரிசை எண்டு மட்டும் சொல்லுங்க சேர். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முந்திப் போய் நட்டுருவன்."

பர்ஸான் மாஸ்டர் மற்ற ஒலிவாங்கியைப் பறித்தார். "சபையோரே! ஓர் ஆய்வின் வெற்றிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?"

முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். றிஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தத் தயாராக யாரோ ஒன்றை விரித்துப் பிடித்தார்கள்.

அபூசாலி மட்டும் கைதட்டவில்லை. முன்னூற்றிப் பதினெட்டாம் பக்கத்தை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு மீராசாவின் காதோரம் குனிந்தார்.

"தம்பி... மையத்துக் கிடைக்காத எல்லாருக்கும் நான் அந்த மையவாடியத்தான் போட்டிரிக்கன்."