ஊதா வரும்வரை

மனைவி மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்க வந்ததாகத்தான் வாசல் காவலாளியிடம் சொன்னான்.

காலை எட்டரைக்கு அந்த போனில் வந்த செய்தியை அவன் படித்திருந்தான். 'நேத்து நீங்க சொன்ன நிறம் மனசுலயே நிக்குது. நீங்க பக்கத்துல இல்லாம என்னால முடியாது. பத்து மணிக்கு வந்துடுங்க.'

அனுப்பியவன் அவளோடு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தால் மூன்று மாதமாக இதே கதைதான்.

பெயிண்ட் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, எரியும் வயிற்றோடு மாடியேறினான்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தான். ஒரே மேசை. இரண்டு தலைகளும் முட்டாத குறையாகக் குனிந்திருந்தன.

தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவள் திரும்பவில்லை. பேசாதே என்பதுபோல் கையை மட்டும் உயர்த்தினாள்.

கிண்ணத்துக் கரைசலில் விரல் நீளக் கண்ணாடித் தகடு கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடிசாக அதில் தங்கத்தை வளர்ப்பதாகவும், தண்ணீரில் துளி ஈயம் இருந்தாலும் அது நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்றும் அவள் என்றோ வீட்டில் சொல்லியிருந்தாள். அவன் 'ம்' கொட்டிக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடுவுல இன்னும் கழுவி வச்ச மாதுளம் முத்து," என்றாள். அவன் கேட்டறியாத குரல். "ஓரத்துல மட்டும், அடிபட்ட இடம் மறுநாள் கன்னிப்போகுமே, அப்படி. அது மெதுவா உள்ள வருது... வந்துடுச்சு. எடுங்க."

கூட வேலை பார்க்கிறவன் இடுக்கியால் தகட்டை எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினான். அப்புறம்தான் நிமிர்ந்து, உள்ளே வந்தவனைப் பார்த்தான். யாரென்று தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

பிறவியிலேயே தன் கண்ணுக்கு ஊதாவும் நீலமும் ஒன்றுதான் என்று சங்கோஜமில்லாமல் சொன்னான். ஊதா வந்த நொடியில் எடுக்காவிட்டால் தங்கம் அளவுக்கு மீறி வளர்ந்து, நீலமாகித் தகடு வீணாகிவிடுமாம். எல்லாம் முடிந்த பிறகுதான் மெஷின் சொல்லுமாம். மேடம் சொல்லித்தான் தனக்கு நிறமே தெரிகிறது என்றான்.

வயிற்றிலிருந்த நெருப்பு அத்தோடு அணைந்திருக்க வேண்டும். அவன் அந்த ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஏதோ நல்ல வார்த்தையும் சொன்னான். நெருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவள் படிக்கட்டு வரை வழியனுப்ப வந்தாள். போனை நீட்டினான். வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு படி இறங்கியவன் நின்றான்.

"கடைசியா வந்த நிறம்... எப்படி இருந்துச்சு?"

அவள் அவனை வியப்பாகப் பார்த்தாள்.

"நீங்கதான் பார்த்தீங்களே."