சபை நடுவே ஒரு பள்ளம்

அரசின் வரவை மீறிச் செலவு போகும்போதெல்லாம் சட்டசபையின் நடுவே இருந்த அந்தப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்தது. எதிர்க்கட்சியில் இருந்த காலமெல்லாம் அதன் விளிம்பில் நின்று, "ஐயோ, நம்ம பேரப்பிள்ளைங்க இதுல விழுந்துடுவாங்களே!" என்று லொரேன் அழுத அழுகையில்தான் அவள் கட்சி ஜெயித்தது. இன்று அவள் நிதியமைச்சர். வழக்கப்படி, தோற்றுப்போன அமைச்சர் டுவைட் மண்வெட்டியைக் கையில் கொடுக்க, பேண்டு வாத்தியம் முழங்க, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக இறங்கினாள். பள்ளத்தை மூட மண் வேண்டும். மண்ணோ பள்ளத்துக்கு அடியில்தான் இருந்தது. வெட்டி வெட்டி மேலே அனுப்பினாள். குவியல் உயர உயர அவள் கட்சிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். "பாருங்கய்யா, மலை மாதிரி மண்ணு! அவங்க ஆட்சியில இப்படி ஒரு குவியலைப் பார்த்திருக்கீங்களா?" லொரேனுக்குப் பெருமை தாளவில்லை. வியர்வையைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். விளிம்பில் டுவைட் மார்பில் அடித்துக்கொண்டு நின்றான். "ஐயோ, நம்ம பேரப்பிள்ளைங்க..." என்று அவன் குரல் இறங்கி வந்தது. 'பரவாயில்லையே, என்னைவிட நல்லா அழுறான்' என்று மெச்சிக்கொண்டவள், கயிற்றை ஆட்டி, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள்.