குடோனில் ஒரு தூளி

ஆட்டினால் ராக் கிரீச்சிடுகிறது. ஆட்டாவிட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

அவள் மெல்ல ஆட்டினாள்.

கம்பெனி விட்டுவிட்டுப் போன இரும்பு ராக்கில்தான் சேலையை முடிந்து தூளி கட்டியிருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிரீச். மற்ற நாளில் அவள் காதிலேயே விழாத சத்தம். இப்போது அது ஊரைக் கூட்டிவிடும் போலிருந்தது.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டட முதலாளியின் மேனேஜர் நிற்கிறார். கூடவே ஒரு பெரியவர். பாத்திர மொத்த வியாபாரியாம், குடோனை வாடகைக்குப் பார்க்க வந்திருக்கிறார்.

எப்போதும் மேனேஜர் போன் செய்துவிட்டுத்தான் வருவார். அவளும் பாயையும் ஸ்டவ்வையும் இந்த அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, பிள்ளையோடு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்று மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். ஹாரன் கேட்டதும் உள்ளே ஓடிவந்து தாழிட்டதுதான் மிச்சம்.

வாட்ச்மேன் தனி ஆளாகத்தான் தங்க வேண்டும். குடும்பத்தோடு பிடிபட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். வேலையும் போகும், தலைக்கு மேலிருக்கும் கூரையும் போகும்.

சின்னக் கூரையா அது? ஊரையே விலைக்கு வாங்கப் போகிறவர்கள் மாதிரி வந்து, ஹைவே ஓரம் வரிசையாகக் கட்டடங்களைப் பிடித்து, வந்த வேகத்தில் காணாமல் போனது ஒரு ஆன்லைன் கம்பெனி. அந்த வரிசையில் கடைசி குடோன் இது.

பிள்ளை தவழப் பழகியது இந்தத் தரையில்தான். இவ்வளவு பெரிய கூடம் அமைச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் வாய்க்காது. முழங்கால் சிராய்க்கக் கூடாதென்று அவள் ஒரு மூலை விடாமல் தினமும் பெருக்கித் துடைத்தாள்.

கிரீச்.

அந்தச் சத்தத்தின் மேலேயே அய்யனாரப்பனின் குரல் விழுந்தது.

"மழைக்கு ஒரு சொட்டு ஒழுவாது சார். போன பொயலுக்கே அசையல. மேல பாருங்க, ஷீட்டெல்லாம் புதுசு."

அவள் கணவன், இங்கே வாட்ச்மேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். கல்யாணமான புதிதில், இவனுக்குப் பேச்சு வருமா என்று அவளே சந்தேகப்பட்டிருக்கிறாள். இன்று விடாமல் பேசினான். லாரி திரும்ப இடமிருப்பதை, கரண்ட் போகாததை, போர்த் தண்ணீர் இனிப்பதை. தூளி ஆடும்போதெல்லாம் அவன் குரல் சரியாக ஒரு படி ஏறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கதவின் கைப்பிடி திருகியது.

அவள் தாழ்ப்பாளையே பார்த்தாள்.

"இது என்னாப்பா ரூமு?" மேனேஜரின் குரல்.

"பேக்கிங் ரூம் சார். சாவி கம்பெனிக்காரங்களோட போயிடுச்சி. உள்ள ஒண்ணுமில்ல, காலி அட்டப்பெட்டிங்கதான்."

கைப்பிடி இன்னொரு முறை திருகியது. பிறகு விட்டது. காலடிகள் நகர்ந்தன.

நின்றன.

"சாம்பிராணி வாசன வருதே?" என்றார் பெரியவர்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை. காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டியிருந்தாள். பிள்ளை பெற்ற எவளும் செய்வதுதான். இது அடுத்தவன் கட்டடம் என்பது அப்போது தோன்றவே இல்லை. புத்தி கெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தூளி நெளிந்தது. ஒரு கையால் முடிச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மறுபடி ஆட்டினாள்.

"வெள்ளிக்கிழம இல்லீங்களா சார்." அய்யனாரப்பனின் குரல் பிசிறியது. "நான்தான் கொஞ்சம் போட்டேன். பூட்டியே கெடக்குற எடமாச்சேன்னு."

அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவர் சிரித்தார்.

"இந்த ஹைவே முழுக்க குடோன் பாத்துட்டேன் மேனேஜர். எங்க தொறந்தாலும் வவ்வா நாத்தம். உள்ள கால் வைக்கவே மனசு வரல. இதுதான் மனுஷன் பொழங்குற எடமா தெரியுது. தரையப் பாருங்க, சோறு போட்டு சாப்பிடலாம். லட்சுமி இருக்கா இங்க."

பிடிபடவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பாழாய்ப்போன மனசுக்கு.

"இதையே எடுத்துக்குறேன். திங்கக்கெழம சரக்கு எறக்கிடுவோம். காவலுக்கு நம்ம ஆளுங்க இருக்காங்க."

அப்படியென்றால் அய்யனாரப்பனுக்கு இனி இங்கே வேலையில்லை.

முடிச்சைப் பிடித்திருந்த கை எப்போது தளர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிரீச்.

காலிக் குடோன் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

"என்னய்யா அது?" என்றார் மேனேஜர்.

எலி என்பான். காற்று என்பான். இவ்வளவு நேரம் எத்தனை பதில் வைத்திருந்தான். அவள் காத்திருந்தாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

காலடிகள் கதவை நோக்கி வந்தன. தூங்குகிற மட்டும் தூங்கட்டும் என்று அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.