வாசலில் நீலச் செருப்பு

மாஸ்டர்ஸ் படிக்க வந்த எனக்கு, குளுகோர் என்ற ஊரில் வாடகை அறை காட்ட வந்தார் வீட்டு உரிமையாளர் காமாரியா அக்கா. வாசலில் ஒரு ஜோடி நீலச் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் என் ஷூவைக் கழற்றினேன்.

“உள்ள யாரு இருக்காங்க அக்கா?”

“போன வருஷம் தங்கியிருந்த பிள்ளையோடது. ஆளக் காணோம். ஆனா செருப்பு வாசல்ல இருந்தா ஆள் உள்ளதானே லா. அதான் நான் எடுக்கல.”

வாசல் கிரில் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு அறையைக் காட்டினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் இருவரும் வாசலுக்குத் திரும்பினோம்; அவர் பூட்டைத் திறந்தார்.

என் ஷூவைக் காணோம். நீலச் செருப்பு மட்டும் இருந்தது.

“அப்பாடா, உன் ஷூவப் போட்டுக்கிட்டு அவ போயிட்டா,” என்றார் அக்கா.

வெயிலில் தார் ரோடு கொதித்தது. அந்தச் செருப்பில் கால் நுழைத்தேன். என் அளவுதான். உள்ளே இன்னும் வியர்வை ஈரம் இருந்தது.

“சரியா இருக்குல்ல?” என்றார் அக்கா. “அங்கேயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வா.”