குழலுக்குள் ஒரு கறுப்பு வளையம்
காலை வெயில் துப்பாக்கிக் கடை மேசைமேல் கிடக்கிறது. காட்டுப்பன்றிகளிடம் பாதிச் சோளத்தைப் பறிகொடுத்த விவசாயிக்கு அங்கிருந்த ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி பிடித்துப்போய், லைசென்ஸையும் நீட்டிவிட்டார். இந்த மாதம் ஒன்றுகூட விற்காத கடைக்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வியாபாரம் முடிந்துவிடும். அவரோ குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார். "உள்ள பாருங்கண்ணே, கறுப்பா வளையம் தெரியுதா?" "மோதிரம் மாதிரி அழகாத்தான் இருக்கு." "அழகா? அந்த இடத்துல குழல் வீங்கியிருக்கு. சுடும்போது பிளந்துச்சுன்னா பன்றி சிரிச்சுக்கிட்டே போயிரும், உங்க கைதான் போகும்." விவசாயி தன் இடது கையை விரித்துப் பார்க்கிறார். லைசென்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். கடைக்காரர் குழலைத் துடைக்கிறார். வாசல்வரை போன விவசாயி நின்று, திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருகிறார். "சரி தம்பி, உங்க சொந்த அண்ணனுக்குன்னா எதை எடுத்துக் கொடுப்பீங்க? அதைக் காட்டுங்க."